சொந்தமாகக் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சஸ்பென்ஷன்?

லோட்டஸ் செவன் என்ற லேசான, திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியில் ஒரு காரை இங்கிலாந்தில் என் கராஜிலேயே கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதே வகைக் காரைக் கட்ட இறங்கியவர்கள் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, பின்னால் லைவ் ஆக்ஸில் போடலாமா? மாட்டுவண்டி அச்சு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

தாராளமாகப் போடலாம். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சில் இணைத்து, நடுவில் டிஃபரென்ஷியலையும் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர்) சுமப்பதுதான் லைவ் ஆக்ஸில். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த செவனிலேயே அதுதான் இருந்தது. பின்னர் செவனைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாமின் செவன் 170-இலும் 660 சிசி சுஸுகி எஞ்சினுக்குப் பின்னால் லைவ் ஆக்ஸில்தான். கார் வளைவில் சாய்ந்தாலும் பின்சக்கரங்கள் தரைக்கு நேராக நிற்கும். குறை என்னவென்றால், டிஃபரென்ஷியலின் கனமும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கும். கார் எவ்வளவு லேசோ, அவ்வளவுக்குக் குதிப்பு தெரியும். ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க நான்கு லிங்க் (இணைப்புத் தண்டுகள்), பக்கவாட்டில் நகராமல் பிடிக்க நீளமான ஒரு பேனார்ட் ராட் போடுங்கள். கார் நிற்கும் உயரத்தில் அந்த ராட் கிடைமட்டமாக இருக்கட்டும். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 காரின் ஆக்ஸிலை மட்டும் தேடி அலையாதீர்கள், ராலிக்காரர்கள் விலையை எங்கோ ஏற்றிவிட்டார்கள்.

கேள்வி: மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். அதன் ஸ்பிரிங், ஷாக் அப்சர்பரை அப்படியே மாட்டலாமா?

ஹப்பும் (சக்கரம் மாட்டும் மையம்) அப்ரைட்டும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) அருமையானவை, எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் வேண்டாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 950 கிலோ. உங்கள் கார் 550-ஐத் தாண்டாது. அந்த ஷாக் இந்த எடைக்கு முரட்டுத்தனமாக இருக்கும்.

ஸ்பிரிங்கைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஆளோடு 620 கிலோ என்றால் ஒரு முன்சக்கரத்தில் சுமார் 145 கிலோ இறங்கும். சக்கரம், ஹப், பிரேக்குக்கு 30 கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 115. தெருவில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங்கின் மேல் கார் விநாடிக்கு 1.6 முறை அலைவது நல்ல தொடக்கம். (2 × பை × 1.6)-இன் வர்க்கம் சுமார் 101. அதை 115-ஆல் பெருக்கினால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 11.6 நியூட்டன் வேண்டும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 7 மி.மீ. அமுங்கினால் விகிதம் 0.7. பலரும் 11.6-ஐ இந்த 0.7-ஆல் ஒரு முறை வகுத்துவிட்டு நிறுத்துவார்கள். இரண்டு முறை வகுக்க வேண்டும்: வாங்க வேண்டிய ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 24 நியூட்டன். நானும் முதலில் ஒரு முறைதான் வகுத்தேன்; கார் முன்னால் தொய்ந்துபோய் நின்றது.

கேள்வி: ரேஸ் கார் போல புஷ்ராட் வைக்க ஆசை.

புஷ்ராட் என்றால், சக்கரத்தின் அசைவை ஒரு தண்டும் ராக்கர் என்ற நெம்புகோலும் உடலுக்குள் இருக்கும் ஷாக்குக்குக் கடத்தும். பார்க்க அழகு, காற்றுத்தடையும் கொஞ்சம் குறையும். சரி, அதற்காக ராக்கர், பேரிங், கூடுதல் பிராக்கெட் எல்லாவற்றையும் துல்லியமாகச் செய்ய நேரம் இருக்கிறதா? முதல் கார் என்றால் ஷாக்கை வெளியிலேயே வையுங்கள்.

கேள்வி: மேட்டில் ஏறினால் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று.

இது பம்ப் ஸ்டியர். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன்கள் (V வடிவக் கைகள்) ஒரு வில்லில் ஏறி இறங்க, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வேறொரு வில்லில் போகிறது; அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்புகிறது. நிற்கும் காரில் எத்தனை முறை அலைன்மென்ட் பார்த்தாலும் பிடிபடாது. ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஹப்பில் ஒரு தட்டைப் பலகையை போல்ட் செய்து, அதன் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வையுங்கள். ஜாக்கியால் 10 மி.மீ. வீதம் ஏற்றி எழுதிக்கொண்டே வாருங்கள். என் காரில் ஸ்டியரிங் ரேக் 8 மி.மீ. மேலே உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்த ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்து இறக்கியதும் இழுப்பு நின்றது.

கேள்வி: ஐவிஏ சோதனைக்கு சஸ்பென்ஷனில் என்ன கவனிக்க வேண்டும்?

பதிவு செய்யும் முன் நடக்கும் அந்தச் சோதனையில், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். லேசான முன்பக்கம் என்பதால் செவன் வகைக் கார்கள் இதில் தடுமாறும். காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்புறம், விஷ்போன் போல்ட்டுகளின் நட்டெல்லாம் நைலாக் (தானாகக் கழலாத, நைலான் வளையம் வைத்த நட்டு) தானா என்று முந்தின நாளே குனிந்து பார்த்துவிடுங்கள்.