நீளப் பலகையை அறுக்க வேண்டாம்

வணக்கம் அண்ணே,

பர்மாவின் தட்டோனில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டைப் போன மாதம் பிரித்துவிட்டோம். தேக்குப் பலகைகள், பிங்கடோ என்ற கடினமரத் தூண்கள், படௌக் என்ற சிவப்புமர மேசைக்கால் இரண்டு, எல்லாம் கொட்டகையில் கிடக்கின்றன. சிறிதாக அறுத்து அஞ்சறைப்பெட்டி, விளக்குப் பலகை என்று செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நல்ல ஆசை. ஆனால் ரம்பத்தை எடுக்கும் முன் பலகைகளை நீளவாரியாக அடுக்குங்கள். ஆறடிக்கு மேல் முழுசாக இருப்பதைத் தொடவே வேண்டாம். உடைந்தது, முனை உளுத்தது, ஒட்டுத்துண்டு, இவையே உங்கள் கைவேலைக்குப் போதும். நீளப் பலகை இன்னொரு வீட்டுக்குக் கதவாகவோ தளமாகவோ போகட்டும். குட்டையானதை நீட்ட எந்த ஆசாரியாலும் முடியாது.

இந்த நாட்டுக்கு இது பழைய பழக்கம்தான். அமரபுரத்தில் 1.2 கிலோமீட்டர் நீளும் ஊ பெய்ன் பாலம், பழைய தலைநகர் இன்வாவின் கைவிட்ட அரண்மனை மரங்களால் 1850 வாக்கில் கட்டியது. மாண்டலேயின் ஷ்வேனந்தோ மடமும் முதலில் அரண்மனைக்குள் இருந்த கட்டடம். 1878-இல் மின்டொன் மன்னர் இறந்த பிறகு மகன் திபா அதைப் பிரித்து வெளியே கொண்டுபோய் மடமாக்கினார். 1945-இல் அரண்மனை எரிந்தது. வெளியே நின்ற இது தப்பியது. 2014 ஏப்ரலில் அறுக்காத மரத்தடி ஏற்றுமதியையே தடை செய்யும் அளவுக்குக் காடு தேய்ந்த பிறகு, உங்கள் தாத்தா காலத்துப் பலகையைத் துண்டாக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, துண்டுகளுக்கு வருவோம். முதலில் ஆணி. தலை ஒடிந்த ஆணி உள்ளேயே புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஜன்னல் சட்டத்தை அவசரமாக இழைத்தபோது என் இழைப்புளி அலகில் நெல்மணி அளவு பல் போய்விட்டது. அதிலிருந்து காந்தத்தை நூலில் கட்டி, பலகை முழுக்க மெதுவாக நகர்த்திப் பார்க்காமல் தொடங்குவதில்லை. கறுத்த கறை தெரியும் இடத்தில் இரண்டு முறை பாருங்கள்.

தேக்கில் மணல்சத்து உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டுங்கள். எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டுப்பசை போடும் முன் இழைத்த முகத்தைத் தின்னரால் துடைத்து, காய்ந்த கையோடு ஒட்டுங்கள்.

பிங்கடோவில் துளை போடாமல் ஆணி இறங்காது. அதைப் பெட்டிக்கு எடுக்காமல் கனமான விளக்கு அடிக்கு வையுங்கள். படௌக் நம் வேங்கைக்குச் சொந்தம். அதன் சிவப்புத் தூள் பக்கத்திலுள்ள வெளிர்மரத்தில் ஏறிவிடும், தனியாக இழையுங்கள். எதை இழைத்தாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அஞ்சறைப்பெட்டியின் உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம். அப்புறம், ஏதாவது துண்டின் பின்பக்கத்தில் பழைய ஆசாரி கரிக்கட்டியால் போட்ட குறி இருந்தால் அதை இழைத்துவிடாதீர்கள். அந்த முகம் பெட்டியின் அடிப்பக்கமாக வரட்டும்.