பழுப்புப் பாசி மூன்றாம் நாளில் நிற்பது ஏன்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில், வீட்டுக் கொட்டகையில் கடல்மீன் குஞ்சுகளுக்காக நுண்பாசி வளர்க்கிறேன். நானோகுளோராப்சிஸ் நாளுக்கு நாள் பச்சையாகக் கெட்டிப்படுகிறது. பழுப்பு நிறக் கீட்டோசெரஸ் மூன்று நாள் விறுவிறுவென்று வளர்ந்து, அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே தோட்ட உரம், ஒரே விளக்கு. இன்னொரு விளக்கு வாங்கலாமா? அடுத்து டைனோபிளாஜெல்லேட் என்ற, சாட்டை போன்ற இழையால் நீந்தும் நுண்பாசி வளர்க்கவும் ஆசை.

பதில்: விளக்கு இப்போது வேண்டாம். குறைவது பெரும்பாலும் சிலிக்காதான். கீட்டோசெரஸ் டயட்டம் இனம். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது சேய் செல் ஒவ்வொன்றும் பாதி ஓட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும். சிலிக்கேட் தீர்ந்தால், நைட்ரேட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பிரிவது நின்றுபோகும். நானோகுளோராப்சிஸுக்கு அந்தத் தேவையே இல்லை.

நின்றுபோன பாசியை இரண்டு ஜாடிகளில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சோடியம் மெட்டாசிலிக்கேட் (நோனாஹைட்ரேட் வகை) சேருங்கள். பாசி வளர்ப்போரின் எஃப்/2 கரைசலில் உள்ள அளவு இது. கடுமையான காரம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் கரைத்து, பாசியைக் கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் வெள்ளையாகப் படிந்து வீணாகிவிடும். இரண்டு நாளில் அந்த ஜாடி மட்டும் நிறம் கூடினால் விடை தெரிந்துவிட்டது.

இரண்டும் அசையவில்லையா? பிஎச் பாருங்கள். 9-ஐத் தாண்டியிருந்தால் கரியமில வாயு போதவில்லை, காற்றைக் கூட்டுங்கள். டயட்டம் கனமானது, அடியில் படியும். காற்றுக்கல் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். கெட்டியான பாசியில் ஒரு செல்லின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். அப்போது விளக்கைக் கூட்டுவதைவிடப் பாதியை எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீரும் ஊட்டமும் விடுவதே மேல்.

சூடு கூடினால் வளர்ச்சியும் கூடும்தான். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, பிப்ரவரிக் கோடை மதியத்தில் தகரக் கொட்டகை அதைத் தாண்டிவிடலாம்.

சரி, டைனோபிளாஜெல்லேட். பல இனங்கள் ஒருமுறை இரட்டிப்பாகவே இரண்டு மூன்று நாள் எடுக்கும். அப்படியிருந்தும் நம் தென்னாப்பிரிக்க மேற்குக் கரையில் செந்நீர்ப் பெருக்கு (பாசி பெருகிக் கடல்நீர் செந்நிறமாவது) உண்டாக்குகின்றன. 1997-இல் எலண்ட்ஸ் பே கரையில் சுமார் 2,000 டன் பாறை இறால் ஒதுங்கிச் செத்தது அப்படியொரு பெருக்கு மடிந்து அழுகி, ஆக்சிஜன் தீர்ந்ததால்தான். மெதுவாகப் பெருகினாலும் நீந்தத் தெரியும்: பகலில் வெளிச்சத்துக்கு மேலே, இரவில் ஊட்டத்துக்குக் கீழே. கலக்கினால் வளர்ச்சி குன்றும். கீட்டோசெரஸுக்கு விடும் காற்றை இதற்கு விடாதீர்கள். அகலமான பாத்திரத்தில் அசையாமல் வையுங்கள்.