செல்ஃப் எடுக்காத கார், சூடேறும் இன்ஜின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். அப்புறம் வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரையே கவனியுங்கள். 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கிறது, இல்லை ஆயுள் முடிந்துவிட்டது. 12-ஐ ஒட்டியே நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரில்தான் கோளாறு.

கரண்ட் போகாததற்குப் பல நேரம் காரணம் பேட்டரி முனையில் (டெர்மினல்) பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடிதான். மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து ஈரம் போகத் துடையுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தப் பொடியில் ஆசிட் இருக்கிறது.

அதற்கும் சரியாகவில்லையா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு இருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் புது பேட்டரி போட்டும் தீராத தொல்லை, துருப்பிடித்த எர்த் போல்ட் ஒன்றைச் சுரண்டி இறுக்கியதும் தீர்ந்தது. அந்த பேட்டரிக் காசு வீணானதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல். ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச். ஹாரன் ரிலேயும் அதே எண்ணாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். அப்படியும் ஏறினால் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும்.

கேள்வி: சார்ஜர் சாக்கெட்டின் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் எரிவது ஒயரைக் காப்பாற்றத்தான். 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைப் போட்டால் அடுத்து எரிவது ஒயர். சாக்கெட்டுக்குள் சில்லறைக் காசு விழுந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

பதில்: நிலையாக எரிந்தால், வண்டியும் வழக்கம்போல ஓடினால், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மின்னி மின்னி எரிந்து இன்ஜினும் உதறினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்: ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், அதை மாற்றுவது, பெட்ரோலை எரிக்கப் பொறி தரும் இக்னிஷன் காயிலை மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு.