12 வருஷத்துக்கு அப்புறம் அண்ணனைப் பார்க்கப் போகிறேன்

கேள்வி: என் பெரியம்மா மகனுக்கு 38 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். பேச்சு வராது, தானாக உட்காரவும் முடியாது. ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். 12 வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை அங்கே போனேன். என்னைப் பார்த்ததும் உடம்பை முறுக்கிக்கொண்டு பெரிதாகச் சத்தம் போட்டார். பயந்துபோய், பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டேன். இப்போது பெரியம்மாவால் அலைய முடியவில்லை. "நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்கிறார். என்ன வாங்கிப் போவது, என்ன பேசுவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். இத்தனை வருஷம் உங்களைத் தடுத்தது அதுதான். பெருமூளை வாதத்தில், மூளையிலிருந்து தசைகளுக்குப் போகும் கட்டளை குழம்பிவிடுகிறது. சந்தோஷம் வந்தால் நமக்கு முகம் மலரும். உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம் வந்தாலும், திடுக்கிட்டாலும், ஏதோ சொல்ல முயன்றாலும் உடம்பு மொத்தமும் இறுகிவிடலாம். கை மடங்கும், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், வாய் கோணும், குரல் பீறிட்டு வரும். வலியிலும் இப்படி ஆகும், மறுக்கவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து தெரிந்த தங்கையைக் கண்ட அந்த நொடியில் ஆனது என்றால், அது சந்தோஷமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன். எதற்கும் பெரியம்மாவைக் கேளுங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அப்படியே இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "ஆமாம்" என்பதற்கு அண்ணன் என்ன செய்வார்? சிலர் கண்ணை மேலே உயர்த்துவார்கள், சிலர் நாக்கை நீட்டுவார்கள், சிலர் ஒரு விரலை மட்டும் அசைப்பார்கள். இது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இப்படி ஓர் இல்லத்துக்கு முதன்முதலாகப் போனபோது நான் செய்த அபத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் இருந்தவரின் தலைக்கு மேலாக, பின்னால் நின்ற பராமரிப்பாளரிடம், "நாம பேசறது இவருக்குப் புரியுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. எழுத்துப் பலகையை எடுத்து அவர் முன்னால் பிடித்தார். அவர் கண்ணால் காட்டக் காட்ட, இவர் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போனார். மூன்று நிமிஷமாவது ஆகியிருக்கும். கடைசியில் சேர்ந்து வந்தது: "என்னைக் கேள்." இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

நாக்கும் தொண்டையும் ஒத்துழைக்காததாலேயே பலருக்குப் பேச்சு வருவதில்லை. புரிகிறதா இல்லையா என்பதை அதை வைத்து எடைபோட முடியாது. அதனால் அண்ணன் முகத்துக்கு நேராக, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். கொஞ்சுமொழி வேண்டாம், 38 வயது ஆள் அவர். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். நாம் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம், அவர் முதல் கேள்விக்கே இன்னும் உடம்பைத் தயார்படுத்திக்கொண்டிருப்பார்.

தின்பண்டம் எதுவும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். விழுங்குவதில் சிக்கல் இருப்பவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். சிலருக்குப் புரை ஏறினாலும் இருமல்கூட வராது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வெறும் தண்ணீர்கூட ஆபத்தாகலாம். பலூனும் வேண்டாம். வெடித்தால் தூக்கிவாரிப்போடும், அங்கே இருக்கும் வேறு யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருக்கலாம். முதுகெலும்புப் பிளவோடு பிறந்தவர்களிடம் அது அதிகம். நானாக இருந்தால் பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப்போவேன். பெரியம்மா அவரிடம் பேசுவதை போனில் பதிவு செய்தும் கொண்டுபோகலாம்.

முன்கூட்டியே போன் செய்து, குளியல், சாப்பாடு, உடற்பயிற்சி நேரம் போக எப்போது வரலாம் என்று கேளுங்கள். அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், அது அவர் வீடு. உடை மாற்றினால் வெளியே நில்லுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். எங்கே வசித்தாலும் அந்தரங்கம் அவரவர் உரிமை என்று மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையே சொல்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது கண்ணைக் கொஞ்சம் திறந்தே வைத்திருங்கள். நகம் வெட்டியிருக்கிறார்களா? கையில் காரணம் தெரியாத காயம் ஏதாவது? பணியாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? படுக்கைப்புண் வராமல் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டு வையுங்கள். வாய் திறந்து புகார் சொல்ல முடியாதவருக்கு, அடிக்கடி வந்துபோகும் சொந்தக்காரரைப் போல ஒரு காவல் கிடையாது. பெரியம்மா உங்களைக் கூப்பிடுவதில் இதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அழுகை வந்தால்? வரட்டும். "ரொம்ப நாள் வராம இருந்துட்டேன், அதான் அழறேன்" என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். முதல் தடவை இருபது நிமிஷம் போதும். கிளம்பும்போது ஆறுதலுக்காக "அடுத்த வாரம் வரேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் நிஜமாகவே எதிர்பார்ப்பார். உங்களால் எப்போது முடியுமோ அதை அங்கேயே முடிவு செய்து, அறையில் காலண்டர் இருந்தால் அவர் பார்க்கும்படி அந்தத் தேதியை வட்டம் போட்டுவிட்டு வாருங்கள்.