மே மாதத்தில் பாய்மரப் படகுக்கு நேரம்: ஞாயிறு காலையை விடுங்கள்

சனி மதியம் போங்கள், ஞாயிறு வேண்டாம். மும்பை செம்பூரில் தண்ணீர் பிடித்து, துணி போட்டு, மாவரைத்துக் கிளம்பவே பதினொன்று ஆகிறது, மழைக்கு முன் படகைக் கரையேற்றிவிடுவார்கள், அதற்குள் நாலு முறையாவது போக முடியுமா என்றுதானே கேட்டீர்கள்?

வேலை அதிகம் என்பதைவிட, தப்பான நேரத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த மாதத்தில் காலையில் காற்று பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும், நிலம் சூடேறிய பிறகுதான் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கடற்காற்று எழும், ஆக காலை வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் போனாலும் இழப்பு ஒன்றுமில்லை. ஞாயிறன்று ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் மெகா பிளாக் (பராமரிப்புக்காகப் பல மணி நேரம் ரயில்களை நிறுத்துவது) வேறு, அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புமுன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் உச்ச ஓதம் நண்பகல் வாக்கில் வரும், நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். சாயங்காலம் திரும்பும்போது கரையோரம் சேறுதான் மிஞ்சும். அரைநிலா வாரத்தில் ஏற்ற இறக்கம் குறைவு, மாலையில் தண்ணீர் ஏறிக்கொண்டும் இருக்கும். அந்தச் சனிக்கிழமைகளை இப்போதே வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு, மாவை வெள்ளி இரவே அரைத்துவிடுங்கள். (எங்கள் வீட்டில் கிரைண்டர் சத்தத்துக்குக் கீழ்வீட்டார் சண்டைக்கு வந்தார்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது.)

ஒன்று மட்டும்: மே கடைசி வாரத்தில் மேகம் கறுத்தால் போகாதீர்கள். திடீர்க் காற்று பாயைச் சுருட்டக்கூட அவகாசம் தராது.