பிரபுக்கள் சபைச் சீர்திருத்தம்: கேள்வி பதில்

கேள்வி: தேர்தலே இல்லாத பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபையின் மசோதாவைத் தடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் தாமதிக்க மட்டுமே முடியும். 1911 சட்டப்படி இரண்டு ஆண்டாக இருந்த அவகாசத்தை 1949 சட்டம் ஓராண்டாகக் குறைத்தது. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதா என்றால் ஒரே மாதம். ஆனால் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டும் மசோதாவை அறவே நிராகரிக்கலாம். இந்த அதிகாரத்தை எந்தச் சீர்திருத்தத்திலும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: பரம்பரை உறுப்பினர்களை 1999-லேயே நீக்கிவிட்டார்களே?

பதில்: 92 இடங்களை விட்டுவைத்தார்கள். அவற்றில் 90 இடங்களில் காலியானவற்றுக்கு இடைத்தேர்தல் நடத்தினார்கள். ஒரு கட்சியின் பரம்பரை உறுப்பினர்கள் மட்டுமே வாக்களித்த 2016 இடைத்தேர்தலில் ஏழு வேட்பாளர்கள், மூன்றே வாக்காளர்கள்! இடைக்கால ஏற்பாடு என்று தொடங்கியது கால் நூற்றாண்டு நீடித்தது. முடிவுத் தேதி எழுதாத இடைக்கால ஏற்பாட்டை நான் நம்புவதில்லை.

கேள்வி: பிரபுக்கள் சபையின் பெரும்பகுதியைத் தேர்தல் மூலம் அமைக்க வந்த 2012 மசோதா ஏன் கவிழ்ந்தது? ஆதரவு இல்லையா?

பதில்: ஆதரவு இருந்தது. பிஷப்புகள் போன்ற சிலரைத் தவிர்த்து 450 இடங்கள். 360 பேர் தேர்தல் மூலம், 90 பேர் நியமனம். பதவிக்காலம் 15 ஆண்டு, ஒரே முறை. காமன்ஸில் மசோதாவின் அடிப்படைக் கொள்கை மீது நடக்கும் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் 462-க்கு 124 என்று வென்றது. இடறியது விவாதத்துக்கு நாள் வரம்பு வகுக்கும் கால அட்டவணைத் தீர்மானத்தில். அரசியலமைப்பு மசோதாவை முழுச் சபையும் குழுவாக அமர்ந்து விவாதிக்க வேண்டும். நாள் வரம்பு இல்லாவிட்டால் எதிர்ப்பாளர்கள் பேசியே இழுத்தடிக்கலாம். ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் 91 பேர் மசோதாவையே எதிர்த்திருந்தார்கள். எதிர்க்கட்சியான லேபர் கட்சி மசோதாவை ஆதரித்தாலும் அட்டவணைக்கு உடன்படவில்லை. தோல்வி உறுதி என்று தெரிந்ததும் அரசு தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் மசோதாவே கைவிடப்பட்டது. அட்டவணைக்கு எதிர்க்கட்சியின் சம்மதத்தை முதலிலேயே வாங்காமல் இதில் இறங்கக் கூடாது.

கேள்வி: தேர்தல் வந்தால் இரு சபைகளும் மோதாதா?

பதில்: மோதும். ஆளுங்கட்சி தேர்தல் அறிக்கையில் சொன்ன மசோதாவைப் பிரபுக்கள் சபை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை என்பது 1945-இலிருந்து வரும் சால்ஸ்பரி மரபு. தாங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் என்ற அடக்கமே அதன் அடிப்படை. ஆகவே அதிகார வரம்பை முதலில் சட்டமாக்குங்கள், தேர்தல் பிறகு வரட்டும்.

கேள்வி: தேர்தல் இல்லாமலே உடனடியாக என்ன செய்யலாம்?

பதில்: சபையின் அளவைக் குறைக்க வழி தேடிய பர்ன்ஸ் குழு 2017-இல் சொன்னதையே செய்யலாம்: 600 பேர் உச்சவரம்பு, புதியவர்களுக்கு 15 ஆண்டுக் காலம், அந்த எண்ணிக்கையை எட்டும்வரை இருவர் விலகினால் ஒருவர் நியமனம். குழு இதைப் பிரதமரின் கட்டுப்பாட்டை நம்பிச் சொன்னது, அங்கேதான் ஓட்டை. ஒரே ஒரு நீண்ட நியமனப் பட்டியல் போதும், கணக்கு குலைந்துவிடும். உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்க வேண்டும். நியமிக்கப்படுபவர்களின் தகுதியைப் பரிசீலிக்கும் நியமன ஆணையத்தின் ஆட்சேபம் பிரதமரையும் கட்டுப்படுத்த வேண்டும்.