குரோஷாவும் (கொக்கி ஊசிப் பின்னல்) நிட்டிங்கும் (இரட்டை ஊசிப் பின்னல்) ஓரளவு தெரியும். வீட்டுக்கும் பரிசு கொடுக்கவும் சின்னச் சின்னதாக என்ன பின்னலாம்?

குரோஷாவில் செயின், சிங்கிள் குரோஷா, டபுள் குரோஷா என்ற அடிப்படைத் தையல்கள் வரை கை வந்துவிட்டது, நிட்டிங்கில் சாதாரணக் கண்ணி போடத் தெரியும், ஸ்வெட்டர், போர்வை என்று பெரிதாக இறங்க மனமில்லை, ஓரிரு மாலைகளில் முடிய வேண்டும், வாங்கியவர் அலமாரிக்குள் வைத்துவிடாமல் தினமும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலானோர் அழகான நூலை வாங்கிவிட்டு அப்புறம் அதில் என்ன போடலாம் என்று தேடுவார்கள். எனக்கு அது சரிப்படாது. பொருள் எந்த இடத்தில் இருக்கப் போகிறது, அதன் மேல் தண்ணீர் படுமா, சூடு படுமா, துவைக்கப் போகிறவர் கையால் துவைப்பாரா, மெஷினில் போடுவாரா என்று முதலில் யோசிப்பேன். அங்கேயே நூல் முடிவாகிவிடும். டிசைன் அதற்குப் பிறகுதான்.

சமையலறைக்கும் மேசைக்கும் போகிற எதற்கும் பருத்தி நூல். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அக்ரிலிக் நூல் விலை மலிவு, நிறங்களும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது பிளாஸ்டிக் வகை. சூடான பாத்திரம் பட்டால் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. பருத்தியிலும் இரண்டு விதம் உண்டு. மெர்சரைஸ்டு என்று லேபிளில் போட்டிருந்தால் பளபளப்பாக, வழவழப்பாக இருக்கும்; மேசை விரிப்பு, புக்மார்க், அலங்கார வேலைக்கு அருமை. துடைக்கிற துணிக்கு மெர்சரைஸ் செய்யாத, கொஞ்சம் மங்கலாகத் தெரியும் சாதாரணப் பருத்தியே மேல்.

முதல் வேலையாக கோஸ்டர், அதாவது கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்ன விரிப்பு, போடுங்கள். நடுத்தரப் பருமன் பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி. மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷா. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு, ஆக 12. அதற்கடுத்து ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, ஆக 18. இப்படிச் சுற்றுக்கு 6 கண்ணியாக ஏறிக்கொண்டே போனால் எட்டாவது சுற்றில் 48 கண்ணி வரும். அகலம் கிட்டத்தட்ட 10 செ.மீ. இருக்கும், கோப்பை வைக்க அது போதும். ஒன்றுக்கு 10 கிராம் நூல் போல ஆகும். 50 கிராம் உருண்டை ஒன்றில் நாலு கோஸ்டர் தாராளமாக வரும். நாலையும் ஒரே நாடாவில் கட்டிக் கொடுத்தால் பரிசு தயார்.

சிங்கிள் குரோஷாவில் வட்டம் தட்டையாக உட்கார இந்த 6 என்ற கணக்குதான் காரணம். டபுள் குரோஷா உயரமான தையல் என்பதால் அதற்குச் சுற்றுக்கு 12. கூட்டுவது குறைந்தால் ஓரம் மேலே தூக்கிக் கிண்ணம் போல ஆகும், அதிகமானால் ஓரம் அலை அலையாகச் சுருளும். சுருளுகிறது என்றால் ஊசியை மாற்றாதீர்கள், முதலில் கண்ணியை எண்ணுங்கள். இந்த அலை ஒரு பெரிய கணித விஷயத்துக்கே உதவியிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா தைமினியா என்ற கணித அறிஞர், காகிதத்தில் செய்து காட்டச் சிரமமான ஹைப்பர்போலிக் தளத்தை (எங்கும் சேணம் போல வளைந்திருக்கும் பரப்பு) 1997இல் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அவர் செய்தது இதே வேலைதான்: கண்ணிகளை ஒரே விகிதத்தில், தட்டையாக இருக்கத் தேவையானதை விட அதிகமாகக் கூட்டிக்கொண்டே போனார்.

தட்டை வட்டம் கைக்கு வந்துவிட்டால் பாதி உலகம் திறந்த மாதிரி. நாலைந்து சுற்றில் நிறுத்தினால் முகம் துடைக்கும் சின்னப் பஞ்சுவட்டம். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பஞ்சுக்குப் பதில் இதைத் துவைத்துத் துவைத்துப் பல மாதம் வைத்துக்கொள்ளலாம். ஏழெட்டு வட்டமும், அவற்றைப் போட்டுத் துவைக்க ஒரு சின்ன வலைப்பையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கியவர்கள் நிஜமாகவே சந்தோஷப்படுவார்கள். அதே வட்டத்தைப் பெரிதாக்கி, ஒரு கட்டத்தில் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே சுற்றிக்கொண்டு போனால் சுவர் எழும்பிக் கூடையாகிவிடும். அடிப்பாகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓரம் கூர்மையாகத் திரும்ப வேண்டுமென்றால், கூட்டுவதை நிறுத்துகிற அந்த ஒரு சுற்றை மட்டும், கண்ணியின் மேல் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டுப் போடுங்கள். கூடைக்கு மெல்லிய நூல் ஆகாது, துவண்டு விழும். இரண்டு இழை சேர்த்துப் பிடித்துப் பின்னலாம், அல்லது பழைய டி-ஷர்ட்டைப் பட்டையாக வெட்டி நீளமாக்கி 8, 10 மி.மீ. ஊசியில் போடலாம். சாவி, ரிமோட், ஹேர் கிளிப் என்று எங்காவது உருண்டு கிடப்பதை எல்லாம் போட்டு வைக்க இது நல்ல இடம்.

சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு எனக்குப் பிடித்த ஒரு முறை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 40 செயின் போடுங்கள், ஏறக்குறைய 26 செ.மீ. நீளம் வரும். செயினின் ஒரு பக்கம் முழுக்க சிங்கிள் குரோஷா, முனை வந்ததும் திரும்பி அடிப்பக்கம் முழுக்க சிங்கிள் குரோஷா. இப்படியே எங்கும் கூட்டாமல் குறைக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருங்கள். முதலில் படகு மாதிரி வளையும், அப்புறம் பை போல ஆகும், ‘இது எங்கே சதுரமாகப் போகிறது’ என்று சந்தேகம் வரும். தொடருங்கள். பையின் உயரம் செயின் நீளத்தில் பாதி, அதாவது 13 செ.மீ. வந்ததும் பையின் இரண்டு அடிமுனைகளையும் மேல்நோக்கி மடித்துப் பாருங்கள். திறந்திருக்கும் வாய் மூலைவிட்டக் கோடாகச் சேர்ந்து, இரண்டு அடுக்குள்ள கச்சிதமான சதுரம் கிடைக்கும். பக்கம் 18 செ.மீ. சுமார். அந்தக் கோட்டைத் தைத்து, ஒரு மூலையில் மாட்டுவதற்கு வளையம் போட்டால் முடிந்தது. இரண்டு அடுக்கு என்பதால் கை பாதுகாப்பாக இருக்கும். ஒன்று மட்டும், பரிசாகக் கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள்: ஈரமாக இருக்கும்போது இதை வைத்துச் சூட்டைப் பிடிக்கக் கூடாது. ஈரத் துணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

நிட்டிங்கில் தொடங்க பாத்திரம் துடைக்கும் துணியை விட நல்லது எதுவும் இல்லை. பல தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு மூலைவிட்டப் பின்னல் உண்டு. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 கண்ணி பின்னி, நூலை ஊசி மேல் ஒரு சுற்று போட்டு, மீதியைப் பின்னிக்கொண்டு போங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை அழகாக விழும். 45 கண்ணி வந்ததும் திரும்ப இறங்க வேண்டும்: 1 பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, நூலைச் சுற்றி, மறுபடி இரண்டைச் சேர்த்துப் பின்னி, மீதியைச் சாதாரணமாக. 4 கண்ணி மிஞ்சியதும் முடித்துவிடுங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரிக் கண்ணி என்பதால் துணி சுருளாமல் தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை முன்கண்ணி (நிட்), ஒரு வரிசை பின்கண்ணி (பர்ல்) என்று போடும் வழவழப்பான பின்னல் ஓரங்களில் சுருண்டுகொள்ளும். துணி, மஃப்ளர் போன்ற தட்டையான சாமான்களுக்கு அதைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள்.

புக்மார்க் பற்றி ஒரு வார்த்தை. வாசிக்கிற நண்பருக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை, ஆனால் நிறையப் பேர் தடிமனான நூலில் போட்டுவிடுகிறார்கள், புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மெல்லிய மெர்சரைஸ்டு நூலும் 1.5 மி.மீ. போல ஸ்டீல் ஊசியும் வேண்டும். முடித்ததும் நனைத்து நேராக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால் தட்டையாக, நேராக இருக்கும்.

உடம்பில் போடுகிற பொருளில் மணிக்கட்டு உறையைத்தான் முதலில் சொல்வேன். தலையளவு, கால் அளவு என்று யாரிடமும் கேட்க வேண்டாம். 1 முன்கண்ணி 1 பின்கண்ணி என்று ரிப்பாகப் பின்னினால் தானே நீண்டு சுருங்கிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். 18 செ.மீ. சுற்று வருகிற செவ்வகமாகப் பின்னி, கட்டைவிரலுக்கு 5 செ.மீ. இடைவெளி விட்டு மீதியைத் தைத்துக் குழாயாக்கினால் போதும். குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்து டைப் செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு என்றால் எல்லாருக்கும் குல்லாய்தான் ஞாபகம் வரும். புதிதாகப் பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சராசரியாக 35 செ.மீ. பக்கம் இருக்கும்; குல்லாய் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுத்துப் பிடித்து நிற்கும். இதற்கு மட்டும் முதலில் 10 செ.மீ. சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், கோஸ்டருக்கு அது தேவையில்லை. தாடைக்குக் கீழே கட்டும் நீள நாடா, பிய்ந்து வரக்கூடிய பொத்தான், விரல் மாட்டுகிற பெரிய ஓட்டை எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் தூங்கும்போது குழந்தைக்குக் குல்லாய் போட வேண்டாம், உடம்பு அதிகமாகச் சூடேறிவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அசல் கம்பளியில் போட்டால் வெந்நீரில் அலசி மெஷினில் சுற்றும்போது சுருங்கிக் கட்டியாகிவிடும். தூக்கமில்லாமல் இருக்கும் பெற்றோருக்கு அந்தத் தொல்லை தர வேண்டாம், மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் சொல்லும் நூலே போடுங்கள்.

பொம்மை ஆசை இருந்தால் தாராளமாகப் போடலாம். அமிகுருமி என்று ஜப்பானிலிருந்து வந்த பாணி; நாம் கோஸ்டருக்குப் போட்ட அதே 6, 12, 18 கணக்குதான், உருண்டையாக வளைத்துப் பஞ்சு அடைப்பது. நூலுக்குச் சொல்லப்பட்ட ஊசியை விட ஒரு அளவு சிறியதில் இறுக்கிப் போட்டால்தான் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். பின்னுவதை விட கை, கால், காது ஒட்டித் தைக்கத்தான் நேரம் பிடிக்கும். ஒரே மாலையில் முடியும் என்று நினைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் பேட்டர்ன் எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டபுள், அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். நான் மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க முறை. கண்டுபிடிக்க எளிய வழி: பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள்’ என்று இருந்தால் அது அமெரிக்க முறைதான், பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு தையலே கிடையாது.

இப்போது முடிக்கும் வேலை. கையால் செய்த பரிசு பளிச்சென்று தெரிவதும் ஏனோதானோ என்று தெரிவதும் இந்த அரை மணி நேரத்தில்தான். நூல் முனையை 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். தையல் ஊசியில் கோத்து ஒரு பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி ஒரு முறை போய் மறையுங்கள். ஒரே திசையில் இழுத்துவிட்டால் நாலு தடவை துவைத்ததும் வெளியே வந்துவிடும். முடிச்சை நம்பாதீர்கள். பருத்திச் சாமானை நனைத்து, பிழிந்து, துண்டின் மேல் வடிவமாக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். சிவப்பு, கருநீலம் போன்ற நிறத்தை வெள்ளையோடு சேர்க்கும் முன் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் போகிற நூல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டாம், அதன் மொத்தத் துள்ளலும் போய்த் தொளதொளவென்று ஆகிவிடும்.

மிஞ்சிய நூல்களை வகை பிரித்தே வையுங்கள், பருத்தி தனி, அக்ரிலிக் தனி. இரண்டையும் கலந்து ஒரே துணியில் போட்டால் சூட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கும், துவைக்கும்போது சுருக்கமும் ஒரே சீராக இருக்காது. பருத்தித் துண்டுகளில் ஒவ்வொரு சுற்றும் ஒரு நிறமாகக் கோஸ்டர் போடலாம். பரிசோடு நூல் லேபிளையோ, ‘பருத்தி, மெஷினில் துவைக்கலாம், விரித்துக் காயவைக்கவும்’ என்று கையால் எழுதிய ஒரு சின்னச் சீட்டையோ வைத்துவிடுங்கள்.